பதினான்கு மாடிக்கும் ஒரே புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் கதவில் புதிதாக ஒரு தாள். லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.

"டெலிவரிப் பணியாளர்கள் படிக்கட்டை மட்டும் பயன்படுத்தவும். வளர்ப்பு நாய்களைச் சர்வீஸ் லிஃப்டில் மட்டும் அழைத்துச் செல்லவும். குடியிருப்போர் சங்கம்."

இரண்டு வாக்கியங்களையும் யோசித்து அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

காவலாளி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் ஒட்டல தங்கச்சி. ஒட்டச் சொன்னாங்க."

"அப்ப ஒட்டினது யாரு?"

"கை என்னுது. தாள் அவங்களுது."

பதினான்கு மாடி. இன்று மூன்று முறை ஏறினேன். ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. பன்னிரண்டாவதுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. கதவைத் திறந்தவர், "என்னம்மா இப்படி மூச்சு வாங்குது, உடம்பு சரியில்லையா?" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் காற்று இல்லை.

மார்ச் 5, புதன்

முட்டி வலி. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த களிம்பைத் தேய்த்துவிட்டாள். பத்தொன்பது வருடமாக அங்கே வார்டு துடைக்கிறாள்; அடையாள அட்டையில் இன்னும் 'தற்காலிகம்' என்றுதான் இருக்கிறது. தேய்த்துக்கொண்டே, "எம்.ஏ. படிச்ச முட்டி, கொஞ்சம் செல்லம் கேக்குது" என்றாள்.

சிரித்தேன். பிறகு வலித்தது. முட்டியைச் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஆர்டர் வரும்வரை நாங்கள் நிற்கும் இடம் கட்டடத்துக்கு எதிரே பஞ்சர் கடை நிழல். கடைக்காரர் விரட்டுவதில்லை. எங்கள் டயர்கள்தான் அவர் பிழைப்பு. எட்டு, பத்துப் பேர் இருப்போம். பெண் நான் ஒருத்திதான்.

சிவில் இன்று படிகளை அளந்துவிட்டான். கட்டடப் பொறியியல் படித்தவன், அதனால் அந்தப் பெயர். "ஒரு படி பதினேழு சென்டிமீட்டர். மாடிக்குப் பதினெட்டு. மேல போய்ச் சேர இருநூத்தி அம்பத்திரண்டு. படிச்சு முடிச்சு நாலு வருஷம் ஆச்சு, இப்பதான் எனக்கு முதல் சைட் விசிட்."

தலைவர் எங்களில் மூத்தவர். நாற்பத்திரண்டு. வேலை பார்த்த அச்சகம் மூடியபோது வெளியே வந்தவர். எந்த வம்புக்கும் போகமாட்டார். கேலியாக வைத்த பெயர் நின்றுவிட்டது. "அவங்க கட்டடம், அவங்க தாள். ஏறு. கால் பழகிடும்" என்றார்.

கால் பழகிடும். இந்த இரண்டு சொல்லோடு நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

பழகும். அதுதானே பயம்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு தப்பு செய்துவிட்டேன். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நான் செய்திருக்கிறேன்.

ஆப்பில் 'வந்துவிட்டேன்' என்று ஒரு பட்டன். வீட்டு வாசலில் நின்று அழுத்துவதுதான் வழக்கம். அழுத்தியதும் பத்து நிமிடம் ஓடத் தொடங்கும். அதற்குள் வாடிக்கையாளர் வாங்கிக்கொள்ளாவிட்டால் ஆர்டர் ரத்து. பொருள் கடைக்குத் திரும்பும். எங்கள் கூலி முழுதாக உண்டு. நான் பாட்டுக்குக் கேட்டிலேயே அழுத்திவிட்டு ஏறத் தொடங்கியிருக்கிறேன். ஆறாவது மாடித் திருப்பத்தில் முட்டி மடங்க மறுத்தது. உருளைக்கிழங்குப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கண்ணை மூடினேனா, தெரியாது. போன் அதிர்ந்தது.

"வாடிக்கையாளர் வரவில்லை. நீங்கள் திரும்பலாம். உங்கள் பொறுமைக்கு நன்றி."

ஒன்றரை வருடத்தில் அது எனக்குச் சொன்ன முதல் நன்றி.

பதின்மூன்றாவது மாடியில் யாரோ உருளைக்கிழங்குக்குக் காத்திருந்தார். அவர் என்ன தப்பு செய்தார்? வெட்கத்தோடு இறங்கினேன். மூன்றாவது மாடியில் நின்றுவிட்டேன். ஆறாவது மாடியில் உட்கார்ந்திருந்த என்னை, ஆப் எங்கே இருப்பதாக நினைத்தது?

மார்ச் 12, புதன்

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டடம் ஒரு சாம்பல் நிறக் கட்டம். நடுவில் ஒரு புள்ளி. கேட்டுக்குள் நின்றாலும் அந்தப் புள்ளிதான். மொட்டை மாடியில் நின்றாலும் அதேதான்.

வரைபடத்தில் உயரம் இல்லை.

படிகளுக்கு ஏன் கூலி இல்லை என்று இப்போது புரிகிறது. ஏமாற்று வேலைகூட இல்லை. ஏறுதல் என்று ஒன்று அங்கே நடப்பதே இல்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் 'வெளி' என்றால் என்ன என்று படித்தேன். அதில் படிக்கட்டு உண்டா என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை.

ஏறுவது அங்கே நடக்கவில்லை என்றால் — ஏறாமல் இருப்பதும் நடக்காதுதானே?

மார்ச் 13, வியாழன்

பஞ்சர் கடையில் சொன்னேன். சிவில் உடனே புரிந்துகொண்டான். "அதாவது, கீழ நின்னு பட்டனை அழுத்து. போன் பண்ணு. வந்தா கொடு. வராட்டி பத்து நிமிஷம். விதியை ஒரு இழைகூட மீறல. அக்கா, இதுக்கா உனக்கு எம்.ஏ. கொடுத்தாங்க?"

"இதுக்காவது உதவிச்சே."

தலைவர் தலையை ஆட்டினார். "எல்லாருக்கும் ரேட்டிங் விழும்."

"ஒருத்தன் செஞ்சா விழும் அண்ணே. எல்லாரும் செஞ்சா யாரை எடுத்துட்டு யாரை வெப்பாங்க?"

போனில் என்ன சொல்வது என்று அரை மணி நேரம் விவாதம். ஒருவன் கெஞ்சச் சொன்னான். ஒருவன் திட்டச் சொன்னான். கடைசியில் நான் ஓர் ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:

"உங்க பொருள் கீழ வந்தாச்சு. எனக்கு லிஃப்ட்ல அனுமதி இல்ல. உங்களுக்கு இருக்கு."

முடிக்காமல் விட்ட என் ஆய்வேட்டின் இருநூறு பக்கத்தில் இவ்வளவு சுத்தமான வாக்கியம் ஒன்றும் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

நின்றோம்.

முதல் ஆள் அரைக்கால் சட்டையோடு, காதில் ஹெட்போனோடு வந்தார். எதுவும் பேசாமல் வாங்கிப் போனார். இரண்டாவது ஆள், "ஒரு ஸ்டார்தான் போடுவேன்" என்றார். மூன்றாவதாக ஒரு சின்னப் பெண்ணும் அவள் அப்பாவும். பிஸ்கட் பாக்கெட்டைத் தானே கையில் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே கொண்டாட்டம். "நாளைக்கும் கீழயே நில்லுங்க" என்றாள். நான்கு வீடுகள் வரவே இல்லை. பத்து நிமிடம். நன்றி. திரும்பினோம்.

தலைவர் மட்டும் ஏறினார். இறங்கி வந்து எங்களைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

மார்ச் 17, திங்கள்

சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான குரல்.

"யாரு இதுக்குத் தலைவர்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, பேரு மட்டும்தான் சார்!"

செயலாளரே சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "யாரையும் மட்டமா நினைக்கல. லிஃப்ட் அடிக்கடி பழுதாகுது. அவ்வளவுதான்."

"பை லிஃப்ட்ல வரலாமா சார்?" என்று கேட்டேன்.

"பை வரலாம்."

"நான்?"

அவர் சட்டைக் கையைச் சரிசெய்தார். சிவில் ஒரு பையை லிஃப்டுக்குள் வைத்து, எட்டை அழுத்திவிட்டு வெளியே வந்தான். கதவு மூடியது. பை தனியாக ஏறியது. எட்டாவது மாடியில் யாரும் எடுக்கவில்லை போல. யாரோ மேலே கூப்பிட, பதினான்கு வரை போய் மறுபடி எங்களிடமே வந்து சேர்ந்தது.

"எங்களைவிட நல்லா சுத்திப் பார்த்துட்டு வந்திருக்கு சார்" என்றான் சிவில்.

செயலாளர் இப்போது சிரிக்கவில்லை. "உங்க கம்பெனிக்கு எழுதறேன்" என்று போனார். லிஃப்டில்தான்.

சாயங்காலம் கவனித்தேன். தலைவர் கீழே நின்றிருந்தார், கையில் என் சீட்டு. எழுத்துக் கூட்டுவதுபோலப் போனில் வாசித்துக்கொண்டிருந்தார்: "உங்களுக்கு... இருக்கு."

மார்ச் 20, வியாழன்

நாங்கள் ஆட்களை வீட்டு எண்ணால்தான் சொல்வோம். இன்று 1104. போன் செய்தேன், வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு பெண் குரல்: "கால்ல மாவுக்கட்டு போட்டிருக்கேனே."

"நீங்க இருங்க. நான் ஏறி வரேன்" என்றேன். பையில் மாத்திரைகள் இருந்தன. அதை வைத்துக்கொண்டு கொள்கை பேசுவது அசிங்கம்.

"நில்லு, நில்லு. எந்தத் தாள்? எனக்குத் தெரியாதே. மூணு வாரமா வாசலைத் தாண்டல நான்."

சொன்னேன். போன் துண்டித்தது. ஐந்து நிமிடம் கழித்து லிஃப்ட் திறந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். ஊன்றுகோல், முட்டிவரை கட்டு, தலை சீவவில்லை. கதவுத் தாளை நிதானமாகப் படித்தார். நாய் வாக்கியத்தில் ஒரு நிமிடம் நின்றார்.

"ஏறு" என்றார்.

"மாத்திரை இங்கயே —"

"பையைத் தூக்கிட்டு நான் எப்படி நடப்பேன்? ஊன்றுகோல் யாரு பிடிப்பா? ஏறு."

காவலாளி அண்ணனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "எனக்குக் கண்ணுல தூசி" என்றார்.

ஏறினேன். பதினோரு மாடி, அரை நிமிடம். லிஃப்டில் யாரும் பேசுவதில்லை. எண்கள் மாறுவதை எல்லோரையும்போல நானும் அண்ணாந்து பார்த்தேன். அந்தச் சாதாரணம் நன்றாக இருந்தது.

கேமராவை இருவருமே மறந்துவிட்டோம்.

மார்ச் 21, வெள்ளி

ஐடி போய்விட்டது.

ஆப்பைத் திறந்தால் சிவப்புப் பட்டை: கணக்கு முடக்கம். கீழே ஒரு படம். லிஃப்ட் கூரையிலிருந்து எடுத்தது. என் உச்சந்தலையை முதன்முதலாகப் பார்க்கிறேன். "குடியிருப்போரின் பாதுகாப்புக்கு இடையூறு."

கீழே நின்றதற்கு அவர்களிடம் விதி இல்லை. மேலே போனதற்கு இருந்திருக்கிறது.

மார்ச் 22, சனி

ஐடி திரும்ப வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். பக்கத்தில் எழுதியிருக்கிறது:

"நான் விதியை அறிந்தே மீறினேன். பாதுகாப்பற்ற முறையில் நடந்துகொண்டேன். இது என் தவறு என ஒப்புக்கொள்கிறேன்."

29ஆம் தேதி மாலை ஆறு மணிவரை நேரம். அதன் பிறகு நிரந்தரமாக மூடிவிடுவார்கள்.

என் தரப்பு எழுத இடம் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. கட்டம் மட்டும். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

விதியை அறிந்தேன் — ஆம். மீறினேன் — ஆம். பாதுகாப்பற்ற முறை? யாருக்கு? மாத்திரைக்குக் காத்திருந்தவருக்கா?

மார்ச் 24, திங்கள்

அம்மாவோடு சண்டை.

"ஒரு டிக்தானே. போட்டுட்டுப் போயேன். வண்டித் தவணை யாரு கட்டுவா?"

"பொய்யா இருக்கும்மா."

"நான் இந்தப் பத்தொன்பது வருஷத்துல எத்தனை தடவை 'தப்புதாங்க'ன்னு சொல்லியிருப்பேன்? செய்யாத தப்புக்கு. வாய் தேஞ்சா போச்சு?"

"தேயலையா?"

கேட்டிருக்கக் கூடாது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின. உள்ளே போய் நின்றேன். அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு அவளிடம் கேட்டிருக்கலாம். அந்த ஒன்றை நிஜமாகவே கேட்டிருக்கலாம்.

மார்ச் 26, புதன்

கம்பெனி அலுவலகம். ஓர் அறை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத ஏசி. மேசைக்குப் பின்னால் இருந்தவன் என் விவரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "நானும் அதே யுனிவர்சிட்டிதான் அக்கா. உங்களுக்கு மூணு வருஷம் ஜூனியர்."

"அப்ப நீயே சொல்லு. இதுல எது பாதுகாப்பில்லாத நடத்தை?"

"டிக் போட்டுடுங்க அக்கா. யாரும் படிக்கப் போறதில்ல. மெஷின்தான்."

"யாரும் படிக்கலன்னா, யாருக்காக எழுதி வெச்சிருக்கீங்க?"

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு மூணு மாச ஒப்பந்தம் அக்கா. அடுத்த மாசம் நான் இருக்கேனான்னே தெரியாது."

தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். அவன்மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் இன்றைய கோபம்.

மார்ச் 28, வெள்ளி

அம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

"வாளியை யாரோ நடைபாதையில விட்டுட்டாங்க. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக் கத்தறான். நான் வெச்சதே இல்ல."

"தப்புதாங்கன்னு சொன்னியா?"

"சொல்லல. சும்மா நின்னேன். நாக்கு அரிச்சுது. ஆனா நின்னேன்."

"அவன்?"

"கொஞ்ச நேரம் கத்தினான். பதில் வரலன்னதும் அவனே வாளியை எடுத்துட்டுப் போயிட்டான்." செருப்பைக் கழற்றினாள். "எல்லாம் உன்னால வந்த வினை."

சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 29, சனி

காலையிலிருந்து போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஐந்தரைக்குத் திருப்பினேன். கட்டம் அங்கேயேதான் இருந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோனேன், தொடாமல். எவ்வளவு சுலபம். ஒன்றரை வருடத்தில் எத்தனை 'ஏற்கிறேன்'களை அழுத்தியிருப்பேன், ஒன்றைக்கூடப் படிக்காமல்.

இதைப் படித்துவிட்டேன். அதுதான் பிரச்சினை.

ஆறு மணி. கட்டம் மறைந்தது. "உங்கள் கணக்கு மூடப்பட்டது."

பயமாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன். துணிந்தவள் என்று பிற்பாடு நானே நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஏப்ரல் 2, புதன்

பஞ்சர் கடைக்குப் போனேன். யாரும் கண்ணைப் பார்க்கவில்லை. சிவில்தான் சொன்னான்: "உன் ஐடி போனதும் நாலு பேரு ஏற ஆரம்பிச்சுட்டாங்க அக்கா. குத்தம் சொல்ல முடியல."

"நீ?"

"நான் கீழதான். தலைவரும்."

தலைவர் வண்டிச் சீட்டில் சாய்ந்திருந்தார்.

"உங்களுக்கு ரேட்டிங் விழுமே அண்ணே" என்றேன்.

"விழட்டும். அச்சகமே விழுந்துச்சு, பார்த்துட்டேன். இத்தனை நாளும் பேருக்குத் தலைவர்னு கூப்பிட்டீங்க இல்ல? இப்ப அனுபவிங்க."

ஏறப்போன ஒருவனைக் கூப்பிட்டார். "டேய், உன் ரெண்டு கேனையும் நான் காவல் காக்கறேன். நீ போன் மட்டும் பண்ணு. நம்ம பொண்ணு எழுதின வாக்கியம் இருக்கு, நல்லா இருக்கும், சொல்லிப் பாரு." அவன் தயங்கினான். சொல்லிப் பார்த்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

என்னிடம் ஆர்டர் இல்லை, ஐடி இல்லை. இருந்தாலும் போய் அவர்களோடு தரைத்தளத்தில் நின்றேன். நிற்க ஐடி தேவையில்லை.

ஏப்ரல் 5, சனி

நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

1104 ஜன்னலிலிருந்து கத்தினார்: "தாளை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டிருக்கேன்! நொண்டிக்கிட்டுப் போனா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டேங்கறாங்க!"

ஏப்ரல் 16, புதன்

சிவில் போன் செய்தான். தாளை எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வீடுகள் கையெழுத்துப் போட்டனவாம். மனசாட்சியா, திரும்பிப்போன பால் பாக்கெட்டா, தெரியாது. அந்த இடத்தில் வேறொரு தாள்: "லிஃப்டில் டெலிவரிப் பைகளைக் கண்ணாடியில் சாய்க்க வேண்டாம்."

"இனிமே சாய்க்க மாட்டோம் அக்கா. சத்தியமா" என்றான். பின்னால் எல்லோரும் சிரிக்கிற சத்தம்.

யாரும் யாரிடமும் தோற்றதாகச் சொல்லவில்லை. என் ஐடியைப் பற்றி யாருக்கும் எந்தச் செய்தியும் இல்லை.

நன்றாக அழுதேன். துக்கமில்லை. வேறு என்ன என்றும் தெரியவில்லை.

மே 8, வியாழன்

பயிற்சி மையத்தில் விடைத்தாள் திருத்துகிறேன். மணிக்கணக்குக் கூலி. 'சமத்துவம் என்றால் என்ன' என்ற கேள்விக்கு முப்பத்தொரு பேர் ஒரே பதிலை எழுதியிருக்கிறார்கள். முழு மதிப்பெண் போடச் சொல்கிறது விடைக்குறிப்பு.

மே 26, திங்கள்

வேறு கம்பெனி, வேறு ஆப். சட்டை பச்சை. விதிகளை ஏற்கிறேன் என்று டிக் போடுமுன் பதினேழு பக்கத்தையும் படித்தேன். பதிவு செய்கிற பெண் கொட்டாவி விட்டபடி காத்திருந்தாள். இரண்டு இடத்தில் கேள்வி கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று அந்தக் கட்டடத்துக்கு ஓர் ஆர்டர். பத்தாவது மாடி. தலைவரும் சிவிலும் வேறு பக்கம் போயிருந்தார்கள். காவலாளியும் புது ஆள். ஹெல்மெட்டோடு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். லிஃப்ட் முன்னால் என் பழைய கம்பெனிச் சட்டையில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. என் பச்சைச் சட்டையையும், போன் திரையில் 'புதியவர்' என்று மின்னுவதையும் பார்த்தாள்.

"புதுசா அக்கா?"

"ம்."

"இங்க லிஃப்ட்லயே போகலாம். யாராவது படியில ஏறுன்னு சொன்னா ஏறாதீங்க. கீழயே நின்னு போன் பண்ணுங்க, அவங்களே வருவாங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்."

"எப்பத்துலேருந்து?"

தோளைக் குலுக்கினாள். "எப்பவுமே அப்படித்தான் போல."

லிஃப்ட் வந்தது. "ஏறுங்க அக்கா" என்று எனக்கு வழிவிட்டாள். ஏறினேன். அவள் ஐந்தை அழுத்திவிட்டு, எனக்கு எந்த மாடி என்று கேட்டாள்.